எந்தப் பலகை நல்லது? சித்தூர் முதல் தேவிகுளம் வரை ஓர் ஒப்பீட்டு வரலாறு

(நீண்ட பதிவு. கணினி அறிவியல், கல்வி வரலாறு, எல்லைப்பகுதி ஆய்வு ஆகியவற்றில் ஆர்வமுள்ளோர் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

ராஸ்பெரி பையா, ஆர்டுயினோவா, ஈஎஸ்பி32ஆ என்ற கேள்வியைப் பொழுதுபோக்கு மின்னணுவியலில் கால்வைக்கும் எவரும் கேட்காமல் இருப்பதில்லை. விடையாக அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அட்டவணை. செயலியின் வேகம், நினைவகம், இணைப்பு முனைகளின் எண்ணிக்கை, விலை என்று நான்கைந்து பத்திகள் அதில் இருக்கும். அவ்வட்டவணை பொய் சொல்வதில்லை. ஆனால், அதை எழுதியவரின் மனத்தில் ஒரு மேசை இருக்கிறது. அம்மேசையில் மின்சாரம் தடைபடாது; திரையும் விசைப்பலகையும் ஏற்கனவே இருக்கும்; பழுதான பலகைக்கு மாற்று இரண்டு நாளில் வீடு தேடி வரும்; பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வந்தால் படித்துப் புரிந்துகொள்ள ஆளும் இருப்பார்.

அந்த மேசை இல்லாத இடத்தில் ஒப்பீடு எப்படி நிகழ்கிறது என்பதே என் கேள்வி. கேரளத்தின் தமிழ் பேசும் விளிம்பு இதற்கு நல்ல களம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோவிந்தாபுரம். இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், வட்டவடை, பீருமேடு, குமுளி. 1956இன் மொழிவழி மாநிலப் பிரிவினையில் கேரளத்தின் பக்கம் நின்றுவிட்ட ஊர்கள் இவை. இங்குள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் பாடத்திட்டம் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது. மேற்படிப்புக்கும் வேலைக்கும் கண்கள் திரும்புவதோ பல வீடுகளில் கோயம்புத்தூரையும் தேனியையும் நோக்கி. இந்த மாநிலத்தில் கடந்த பத்தாண்டுகளில், ராஸ்பெரி பை, ஆர்டுயினோ ஆகிய இரு பலகைகளும் அரசின் கையாலேயே பள்ளி மாணவர்களிடம் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்ததற்கு வேகமோ நினைவகமோ காரணமாக இருக்கவில்லை. பள்ளியில் ஏற்கனவே என்ன இருந்தது என்பதே பலகையைத் தீர்மானித்தது என்பது என் வாதம்.

சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒரே அச்சுச்சுற்றுப் பலகையில் செயலி, நினைவகம், உள்ளீடு, வெளியீடு அனைத்தும் அடங்கிய கணினி 1976இல் ஆர்வலர் கைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதம் ரேடியோ எலக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க இதழ், இன்டெல் 8080 செயலியைக் கொண்ட டைனா மைக்ரோ என்னும் பலகையை வாசகர்களே கட்டிக்கொள்ளும் வகையில் வெளியிட்டது. அதே ஆண்டில் மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தின் கிம்-1, 245 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 6502 செயலி, ஏறத்தாழ 1 கிலோபைட் நினைவகம், பதினறும எண்களுக்கான சிறு விசைத்தொகுதி, ஆறு இலக்க ஒளிக்காட்சி. அவ்வளவுதான். திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை.

கிம்-1ஐ ஒத்த பலகையை இந்தியாவில் பொறியியல் படித்த எவரும் தொட்டிருப்பார். 1977இல் இன்டெல் வெளியிட்ட எஸ்டிகே-85 என்னும் பலகையின் அமைப்பையொட்டி உருவான 8085 பயிற்சிப் பலகைகள், கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் கல்லூரி ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களைப் பதினறும எண்களைத் தட்டவைத்தன. அப்பலகையை யாரும் பொழுதுபோக்கு என்று கருதியதில்லை. அது தேர்வுக்குரிய கருவி. பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். குறிப்பேட்டில் கையொப்பமிட்டு வாங்க வேண்டும். பலகை என்பது சொந்தமாக வைத்துக்கொள்ளும் பொருளா, நிறுவனம் இரவல் தரும் பொருளா என்ற வேறுபாட்டை இங்கேயே குறித்துக்கொள்வோம். பின்னர் இது முக்கியமாகும்.

பள்ளிகளுக்குக் கணினி வந்த கதை 1984இல் தொடங்குகிறது. இந்திய அரசின் கிளாஸ் என்னும் கணினி அறிமுகத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கணினி, இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ. ஏறத்தாழ 250 பள்ளிகளில் முன்னோட்டம் தொடங்கியது. மொகாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் அதே வடிவமைப்பை யூனிகார்ன் என்ற பெயரில் இந்தியாவில் தயாரித்தது. பிபிசி மைக்ரோவின் ஆற்றல், அதனுடன் வந்த நூல்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் இருந்தது. இங்கிலாந்தில் அவை சேர்ந்தே வீட்டுக்குள் நுழைந்தன. இந்தியாவுக்குப் பெட்டி வந்தது. அந்தச் சூழல் வரவில்லை. பயிற்சி மென்பொருள் ஆங்கிலத்தில், பெரிதும் பிரித்தானிய வகுப்பறையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதாக இருந்தது.

இங்கே ஒரு வம்சாவளிக் குறிப்பு. ஏக்கார்ன் நிறுவனம் பிபிசி மைக்ரோவுக்கு அடுத்துச் செய்த செயலிதான் ஆர்ம். இன்று நம் கைபேசிகளிலும் ராஸ்பெரி பையிலும் இருப்பது அதன் வழிவந்ததே. ராஸ்பெரி பையை உருவாக்கியோர் முதற்பலகைகளுக்கு மாடல் ஏ, மாடல் பி என்று பெயரிட்டது பிபிசி மைக்ரோவின் இரு வடிவங்களை நினைவுகூர்ந்துதான். 1984இல் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கணினியின் பேரப்பிள்ளை, முப்பதாண்டுகள் கழித்து மறுபடியும் கேரளப் பள்ளி மாணவர்களைத் தேடி வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால், அதற்குள் கேரளம் வேறோர் அடித்தளத்தை இட்டிருந்தது. பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையையொட்டி 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிகளில் கணினி ஆய்வகம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் என மூன்றும் சேர்ந்து நடந்தன. பின்னர் பள்ளிகள் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2008 வாக்கில் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வே முழுமையாக லினக்ஸில் நடந்தது. உரிமக் கட்டணம் மிச்சமானதைத்தான் பலரும் பேசுவர். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. மூணாற்றிலோ கொழிஞ்சாம்பாறையிலோ பணியாற்றும் ஓர் ஆசிரியர், இயங்குதளத்தை நிறுவவும் பழுது பார்க்கவும் தெரிந்தவராக ஆனார். வெளியிலிருந்து ஒரு பலகை வந்தால் அதை இணைத்துப் பார்க்க ஒரு கணினியும் ஓர் ஆளும் பள்ளிக்குள்ளேயே இருந்தனர்.

இப்போது இரு பலகைகளுக்கு வருவோம். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் பிறந்தது. மாசிமோ பான்சி முதலானோர் அதை உருவாக்கினர். அதற்கு முன்னோடி எர்னாண்டோ பாரகான் தம் முதுகலை ஆய்வில் உருவாக்கிய வயரிங். பொறியாளர் அல்லாத வடிவமைப்பு மாணவர் ஒரு விளக்கை மினுக்கவும் ஒரு மோட்டாரைச் சுழற்றவும் வேண்டும், நோக்கம் அவ்வளவே. ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்தது. ஈபன் அப்டனும் அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர்களும் கவலைப்பட்டது வேறொன்றைக் குறித்து. கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வந்தவர்களுக்கும் நிரல் எழுதிப் பழகிய அனுபவம் இல்லை. வீட்டுக் கணினி பிள்ளைகள் தொடக்கூடாத பொருளாகிவிட்டது என்று கருதி, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்னும் விலையில், 35 டாலருக்கு ஒரு முழுக் கணினியைச் செய்தார்கள்.

இரண்டையும் எண்களால் ஒப்பிட்டால் நகைப்புக்குரிய முடிவே கிடைக்கும். ஆர்டுயினோ ஊனோவின் நினைவகம் 2 கிலோபைட். அதாவது 1976இன் கிம்-1ஐப் போல ஏறத்தாழ இருமடங்கு. முதல் ராஸ்பெரி பையின் நினைவகம் 256 மெகாபைட். ஊனோவைவிட 1,31,072 மடங்கு. ஒன்றில் இயங்குதளமே கிடையாது. மற்றொன்றில் முழு லினக்ஸ் ஓடும். கறாராகச் சொன்னால் ஆர்டுயினோவை ஒற்றைப்பலகைக் கணினி என்பதே தவறு, அது நுண்கட்டுப்படுத்திப் பலகை என்று வாதிடுவோர் உண்டு. இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால், கிம்-1ஐக் கணினி என்று ஏற்கும் வரலாறு ஊனோவை வாசலில் நிறுத்துவதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை. மேலும், ஒரு பொழுதுபோக்குத் திட்டத்தைத் தொடங்கும் மாணவர் கடையில் கேட்பது எந்தப் போர்டு வாங்கலாம் என்றுதான்.

கேரள அரசு 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் லேர்ன் டு கோட் என்னும் திட்டத்தின்கீழ்ப் பள்ளி மாணவர்களுக்கு ராஸ்பெரி பை பெட்டிகளை வழங்கியது. 10,000 பெட்டிகள் என்பது இலக்கு, முதற்கட்டம் 2,500. புத்தொழில் ஊக்குவிப்புக் கொள்கையின் அங்கமாக வந்த திட்டம் இது. இளம் வயதிலேயே நிரலாக்கத்தில் இறங்கும் தனிமாணவரை அது மனத்தில் கொண்டிருந்தது. பெட்டி மாணவருடையது, வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஓராண்டு கழித்து, 2016இல், இங்கிலாந்தில் ஏழாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் மைக்ரோபிட் என்னும் பலகை தரப்பட்டது; மொத்தம் ஏறத்தாழ 10 லட்சம். அங்கும் இதே உடைமைக் கருத்துத்தான்.

உடைமைக் கருத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அலமாரியில் பூட்டிய 8085 பலகையை நினைத்துப் பாருங்கள். சொந்தப் பொருளைத்தான் ஒரு பிள்ளை நள்ளிரவில் பிரித்துப் பார்க்கும். ஆனால், ராஸ்பெரி பையைப் பயன்படுத்த என்னென்ன தேவை? திரை, விசைப்பலகை, சுட்டி, நினைவட்டை, நிலையான 5 வோல்ட் மின்வழங்கி, மென்பொருளைப் புதுப்பிக்க இணையம். முதற்பலகையில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் செருகுவதற்காக மஞ்சள் நிறச் செருகுவாய் ஒன்று வைத்திருந்தார்கள். திரை வாங்க இயலாத வீட்டையும் அவர்கள் நினைத்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. ஆயினும் மூணாற்றின் தோட்டக் குடியிருப்பான லயத்தில், ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வீட்டில், குடும்பம் முழுவதும் பார்க்கும் ஒரே தொலைக்காட்சியை மாலையில் ஒரு பிள்ளை எத்தனை மணி நேரம் கைப்பற்ற முடியும்? மழைக்காலத்தில் மின்சாரம் போய்வரும்போது எழுதிக்கொண்டிருக்கும் நினைவட்டை சிதைந்து கணினி துவங்காமல் போவது ராஸ்பெரி பை வைத்திருந்த அனைவரும் அறிந்த நோய். அதைத் திருத்த இன்னொரு கணினி வேண்டும். முழுக் கணினியின் விலை 35 டாலர் என்றபோது கணக்கில் சேராத செலவுகள் இவை.

அடுத்த திருப்பம் 2018இல். 2017இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாக மாறியிருந்தது. 2018 ஜனவரியில் அது லிட்டில் கைட்ஸ் என்னும் பள்ளி மன்றங்களைத் தொடங்கியது. திறனறித் தேர்வின் வழியே தேர்ந்தெடுக்கப்படும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதன் உறுப்பினர்கள். ஒரு பள்ளியில் 20 முதல் 40 பேர் வரை. மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 2022 டிசம்பரில் ஏறத்தாழ 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபோட்டிக் பெட்டிகள் வந்தபோது உள்ளே இருந்த பலகை ஆர்டுயினோ ஊனோ. உடன் சிறு சர்வோ மோட்டார், ஒளியுணரி, அகச்சிவப்பு உணரி, ஒலிப்பான், விளக்குகள், பிரெட்போர்டு, இணைப்புக் கம்பிகள்.

கணக்குப் போட்டால் ஒரு பள்ளிக்கு நான்கைந்து பெட்டிகள். ஒருவருக்கொரு பெட்டி என்பதிலிருந்து ஒரு குழுவுக்கொரு பெட்டி என்பதற்கு மாநிலம் நகர்ந்துவிட்டது. ஏழாண்டு இடைவெளியில் 1,31,072 மடங்கு சிறிய நினைவகத்துக்கு இறங்கிவந்ததைப் பின்னடைவு என்று சொல்பவர் பள்ளிக்குள் சென்று பார்க்காதவர். வகுப்பறைகளை மடிக்கணினியாலும் ஒளிப்படக்காட்டியாலும் நிரப்பிய ஹைடெக் திட்டமும் அதே 2018இல் வந்ததுதான். மடிக்கணினி இருக்கும் பள்ளிக்கு இன்னொரு முழுக் கணினி எதற்கு? அங்கே இல்லாதது கணினிக்கும் வெளியுலகுக்கும் இடையிலான கை. ஊனோ அந்தக் கை.

2025இல் பத்தாம் வகுப்புப் பாடநூலில் ரோபோட்டிக்ஸ் அனைவருக்குமான பாடமானபோது இவ்வேலைப் பிரிவினை இன்னும் தெளிவாகியது. ஏறத்தாழ 4.3 லட்சம் மாணவர்கள். அதற்குள் பள்ளிகளுக்குச் சென்றிருந்த பெட்டிகள் 29,000. பாடத்தின் முதற்செயல், கையை நீட்டினால் கிருமிநாசினி சொரியும் கருவி: அகச்சிவப்பு உணரி கையைக் காண்கிறது, சர்வோ மோட்டார் அழுத்துகிறது. இதற்கு 2 கிலோபைட் நினைவகமே தாராளம். பின்னர் முகத்தை அடையாளம் கண்டு திறக்கும் கதவு வருகிறது. முகத்தைக் காணும் கடும்வேலையை மடிக்கணினியின் ஒளிப்படக் கருவியும் மென்பொருளும் செய்கின்றன. ஊனோ கதவைத் திறக்க மட்டும் செய்கிறது. ராஸ்பெரி பை இருந்தால் இரண்டையும் அதுவே செய்திருக்கும். இருக்கும் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அதை வாங்குவது வீண்.

பழுது பார்ப்பதும் ஒப்பீட்டின் ஒரு பத்தியாக இருக்க வேண்டும், இருப்பதில்லை. ஊனோவின் முனைகள் 5 வோல்ட்டில் இயங்குபவை. ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. பதின்மூன்று வயதுப் பிள்ளை கம்பியை மாற்றிச் செருகுவது உறுதி. ஊனோவின் வழக்கமான வடிவத்தில் முதன்மைச் சில்லு ஒரு தாங்கியில் செருகப்பட்டிருக்கும். எரிந்துபோனால் அதை நெம்பி எடுத்து வேறொன்றைப் பொருத்தலாம். பையில் முதன்மைச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டது, போனால் போனதுதான். இன்னொன்று: ஒளியின் அளவையோ மண்ணின் ஈரத்தையோ அறியும் எளிய உணரிகள் தருவது கூடிக்குறையும் மின்னழுத்தம். அதை எண்ணாக மாற்றும் சுற்று ஊனோவுக்குள்ளேயே உண்டு; ஆறு முனைகள். பையில் ஒன்றுகூட இல்லை; தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். 2013இல் 45 டாலருக்கு வந்த பீகிள்போன் பிளாக் என்னும் பலகையில் முழு லினக்ஸும் இருந்தது, இத்தகைய முனைகளும் ஏழு இருந்தன. அட்டவணைப்படி பார்த்தால் அது வென்றிருக்க வேண்டும். தொடக்கநிலை மாணவருக்காக எழுதப்பட்ட நூல்களும் குறிப்புகளும் பையைச் சுற்றியே குவிந்தன. பீகிள்போன் ஆய்வகங்களில் ஒதுங்கியது.

2021 முதல் 2023 வரை உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் இன்னொரு பத்தியும் வெளிப்பட்டது: கிடைக்குமா? ராஸ்பெரி பை தன் வரலாற்றில் முதன்முறையாக 2021 அக்டோபரில் விலையை உயர்த்தியது. உயர்த்திய விலையிலும் தனிநபருக்குக் கிடைப்பது அரிதானது, ஏனெனில் கையிருப்பு தொழிற்சாலைகளுக்கு முன்னுரிமையாகச் சென்றது. ஆர்டுயினோவின் வடிவமைப்போ கட்டற்றது. எவரும் படியெடுத்துச் செய்யலாம், சீனத்தில் செய்தார்கள். எர்ணாகுளம் பள்ளிமுக்குக் கடைகளில் ஊனோ என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் படிப்பலகைதான்.

படிப்பலகைக்கும் விலையுண்டு என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. மூலப்பலகையில் யூஎஸ்பி இணைப்பைக் கவனிக்கும் சில்லு ஒன்று. மலிவான படிகளில் சிஎச்340 என்னும் வேறு சில்லு. உபுண்டு 22.04 இயங்குதளத்தில் இச்சில்லுள்ள பலகையைச் செருகினால், பார்வையற்றோருக்கான பிரெயில் காட்சிக் கருவிகளைக் கவனிக்கும் பிஆர்எல்டிடிஒய் என்னும் நிரல் அதைத் தனக்குரிய கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். பலகை கணினிக்குத் தெரியாமலே போகும். ஒரு பிரெயில் கருவியின் அடையாள எண்ணும் மலிவுச் சில்லின் அடையாள எண்ணும் ஒன்றாக இருப்பதே காரணம். பார்வையற்ற மாணவர் எவரும் அக்கணினியைப் பயன்படுத்தவில்லை என்றால் அந்நிரலை நீக்கலாம். பயன்படுத்தினால் நீக்கக் கூடாது. அட்டவணையில் இதற்கு எந்தப் பத்தியும் இல்லை.

மலைக்குச் செல்வோம். இடுக்கியில் சிறு பலகைகளின் வரலாறு பள்ளிக்கு முன்பே நிலச்சரிவில் தொடங்கிவிட்டது. அமிர்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் மூணாற்றின் அந்தோனியார் காலனியில், மண்ணுக்குள் நீரழுத்தம், ஈரம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அளக்கும் ஏறத்தாழ 50 உணரிகளை, 20 கம்பியில்லாக் கணுக்களோடு இணைத்தனர். ஒவ்வொரு கணுவும் மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறு பலகை. தரவு மலையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்ட வளாகத்துக்குச் சென்றது. பொழுதுபோக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால், அன்று ஒரு பல்கலைக்கழகம் வெளிநாட்டுக் கணுக்களைக் கொண்டு செய்த வேலையின் அடிப்படைப் பகுதிகள், 2016இல் வந்த ஈஎஸ்பி32 என்னும் ஷாங்காய்ச் சில்லோடு மாணவரின் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டன.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தமிழர், பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தமையால் செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில். அதன்பின், மழையையும் மண் ஈரத்தையும் அளக்கும் கருவி என்பது இம்மலைப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிக்கு ஓர் இயல்பான தலைப்பு. வெறும் அழகுத் திட்டமாக அதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

இத்தகைய திட்டத்துக்கு எந்தப் பலகை? ஒரு கணக்கு. சிறு கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்மணி ஈயமின்கலத்தில் அடங்கும் ஆற்றல் 84 வாட்மணி; மின்கலம் கெடாமல் பாதியைப் பயன்படுத்தலாம் என்று கொண்டால் 42. ராஸ்பெரி பை 4 சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 3 வாட் உண்ணும். எனவே 14 மணி நேரம். ஜூலை மழையில் சூரியத் தகடு உதவாத மூன்று நாட்களில் இது முதல் நாளே மௌனமாகிவிடும். ஈஎஸ்பி32 பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நொடி விழித்து அளந்துவிட்டு உறங்கும்படி எழுதினால், பலகையின் ஒழுக்கையும் சேர்த்துச் சராசரி 0.03 வாட் அளவில் நிற்கும். ஏறத்தாழ இரண்டு மாதம். வைஃபை எட்டாத சரிவிலிருந்து தரவை அனுப்ப, இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லோரா என்னும் வானொலித் துண்டைச் சேர்க்கலாம். இடையில் ஒரு மலைமுகடு நின்றால் அதுவும் எட்டாது. முகட்டின்மேல் ஓர் இடைக்கணு வேண்டும். ஊனோ இங்கே தோற்கிறது: வானொலி இல்லை, உறக்கத்திலும் பலகை மின்சாரத்தைக் கசியவிடும். பள்ளியில் வென்ற பலகை சரிவில் தோற்பதும், சரிவில் வென்றது வகுப்பறையில் அவசியமற்றதாவதும் முரண் ஆகாது.

எச்சரிக்கை ஒன்று. மாணவர் கருவி தரும் அளவு கற்பதற்குரியது. வீட்டைக் காலி செய்வதா என்பதை அதைக்கொண்டு முடிவு செய்யலாகாது. 50 உணரிகள், ஆழ்துளைகள், ஆண்டுக்கணக்கான மண்ணாய்வு ஆகியவற்றின்மேல் நிற்பது அந்தோனியார் காலனி. நூறு ரூபாய் ஈரவுணரி ஓரிரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தவறான எண்ணைத் தரும்.

இனி மொழி. கேரளத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிகளில் வெளிவருகின்றன. இது சிறிய செயலன்று; தமிழ்வழி மாணவர் ஊனோவைப் பற்றித் தமிழிலேயே படிக்கலாம். ஆனால், பாடநூலை மூடிவிட்டுப் பலகையைக் கையில் எடுத்ததும் தமிழ் முடிந்துவிடுகிறது. பலகையின்மேல் அச்சிட்ட எழுத்துகள் ஆங்கிலம். கணினி பலகையைக் கண்டுகொள்ளாதபோது திரையில் வரும் நாட் இன் சிங்க் என்னும் செய்தி ஆங்கிலம். அதுவும் ஆங்கிலம் அறிந்தவருக்கே புரியாத ஆங்கிலம். முனை தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம், பலகை வகை தவறாக இருக்கலாம், கம்பி மின்சாரம் மட்டும் கடத்துவதாக இருக்கலாம் என்று அதன் பொருளை விளக்க ஒரு மனிதர் வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் அம்மனிதர் மலையாளத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர். அவர் தமிழில் விளக்கும்போது சென்சர் என்பார். பாடநூல் உணரி என்னும். எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் வேறொரு சொற்பட்டியல் காத்திருக்கும். மூன்று சொற்பட்டியல்களைச் சுமக்கும் மாணவரிடம் நாம் எந்தப் பலகை வேகமானது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் நிரல் எழுத இயலாது என்பதும் உண்மையன்று. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதக் கற்பிக்கிறது. அது பைத்தானின் மேல் கட்டப்பட்டது. ஆகவே, பைத்தான் ஓடும் முழுக் கணினியான ராஸ்பெரி பைக்கு அது பொருந்தும்; 2 கிலோபைட் ஊனோவுக்குள் நுழையாது. நினைவகம் என்னும் பத்திக்கு இறுதியில் ஒரு பொருள் கிடைப்பது இங்கேதான். பள்ளி சிறிய பலகையைத் தேர்ந்தது சரியே என்று மேலே வாதிட்டேன். அத்தேர்வில் இழந்தவற்றுள் தாய்மொழியில் நிரல் எழுதும் வாய்ப்பும் ஒன்று என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மடிக்கணினியில் தமிழில் எழுதியதை ஊனோவுக்கு ஏற்ற நிரலாக மொழிபெயர்க்கும் ஒரு கருவியை யாரேனும் ஒரு முதுகலை மாணவர் ஆய்வேடாக எடுத்துக்கொண்டால் இவ்விழப்பு ஈடாகும்.

திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் வேகா என்னும் கட்டற்ற கட்டளைத்தொகுதிச் செயலியை உருவாக்கி, அதன்மேல் ஏரிஸ் என்னும் கற்றல் பலகைகளை வெளியிட்டிருக்கிறது. உள்ளிருக்கும் தேஜஸ்32 சில்லு 100 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. நினைவகம் 256 கிலோபைட். ஆர்டுயினோ எழுதும் அதே மென்பொருளால் நிரலேற்றலாம். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 1970களிலிருந்து தொலைபேசி இணைப்பகங்களைச் செய்துவந்த ஐடிஐ ஆலை பின்னாளில் கணினி தயாரிப்புக்கும் வந்தது. சில்லு வடிவமைப்பு திருவனந்தபுரத்தில், கணினி ஆலை சித்தூர் எல்லைக்குப் பக்கத்தில். ஆயினும் 29,000 பெட்டிகளுக்குள் இருப்பது இத்தாலிய வடிவமைப்பு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊனோவைச் சுற்றியுள்ள இருபதாண்டுக் குறிப்புகளும் எடுத்துக்காட்டுகளும் ஏரிஸுக்கு இன்னும் சேரவில்லை. பீகிள்போனுக்கு நேர்ந்தது அதற்கும் நேராதிருக்க, பலகையோடு பாடமும் எழுதப்பட வேண்டும், நான்கு மொழிகளிலும்.

சித்தூர், தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் மன்றங்களை நடத்தும் ஆசிரியர்கள் இப்பதிவைக் காண நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். பிழைச்செய்திகளுக்கு நீங்கள் தமிழில் எழுதிவைத்த கைக்குறிப்புகள், கரும்பலகைப் படங்கள், மாணவர் குறிப்பேட்டுப் பக்கங்கள் இருந்தால் மாணவர் பெயர்களை மறைத்து உள்பெட்டிக்கு அனுப்புங்கள். நாட் இன் சிங்க் என்பதை ஒவ்வொரு பள்ளியிலும் எப்படி மொழிபெயர்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.